விளையாட்டை விட்டு ஒதுங்கும் டீன் ஏஜ் பிள்ளைகள்: காரணம் சோம்பலா, கூச்சமா?

ஆறாம் வகுப்பு வரை தெருவில் ஓடியாடிய பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் "எனக்கு விளையாட வராது" என்று மொபைலோடு உட்கார்ந்துவிடும். வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். பல நேரங்களில் உண்மையான காரணம் கூச்சம்தான்.

எவ்வளவு நேரம் தேவை?

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் இயக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ம் ஆண்டு தரவுகளை வைத்து அந்நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயது மாணவர்களில் உலக அளவில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. மாணவிகளில் இது 85 சதவீதம்; மாணவர்களில் 78 சதவீதம்.

ஏன் ஒதுங்குகிறார்கள்?

பருவ வயதில் உடல் வேகமாக மாறுகிறது. எல்லோரும் தன்னையே பார்ப்பது போலத் தோன்றும். மாணவிகளுக்கு மாதவிடாய் கறை குறித்த பயமும் சேர்ந்துகொள்ளும். "இந்த உடம்ப வச்சுக்கிட்டு நீ எங்க ஓடப்போற?" என்ற ஒரு கேலி போதும், அடுத்த பி.டி. பீரியடில் தலைவலி என்று ஒதுங்கிவிடுவார்கள். பழக்கம் விட்டுப்போனால் சீக்கிரம் மூச்சு வாங்கும். அதனால் கூச்சம் இன்னும் கூடும்.

தன்னம்பிக்கை எப்படி வரும்?

'என்னால் முடியும்' என்ற எண்ணம் எப்படி உருவாகிறது என்பதை 1977-ல் விளக்கியவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. பாராட்டை விட, தானே செய்து முடித்த அனுபவமே அதற்கு வலுவான அடிப்படை என்றார் அவர். நேற்று 20 முறை ஸ்கிப்பிங் செய்தவர் இன்று 25 முறை செய்தால், அந்த 5 தரும் தெம்பை வெறும் அறிவுரை தராது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* எடையைப் பற்றிப் பேசாதீர்கள். "நேத்தைவிட இன்னைக்கு எவ்வளவு அதிகமா செஞ்ச?" என்று கேளுங்கள்.
* போட்டி விளையாட்டு பிடிக்காவிட்டால் சைக்கிள், நடனம், சிலம்பம், நடை என எதுவும் சரிதான்.
* 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. 10 நிமிடத்தில் தொடங்கலாம்.
* மாதவிடாய் நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் விளையாடலாம்.

எப்போது உதவி தேவை?

பயிற்சியின்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பை நினைத்துச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது தொடர்ந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.