அகாரா: வேரற்றவளா, வேரா?

எபிரெயச் சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிரசங்க மேடைகளில் ஆடும் வேர்ச்சொல் விளையாட்டுக்கு இப்போது அளவே இல்லை. தமிழ் வேதாகமத்தில் ‘மலடி’ என்று வருமிடத்தில் மூலத்தில் நிற்பது ‘அகாரா’. அதற்கு ‘வேரோடு பிடுங்கப்பட்டவள்’ என்று பொருளாம். பிடுங்கியவர் கடவுளாம். ஆகவே பிள்ளையில்லாமை சாபமாம். பொருள் சொன்னது அரைகுறை. அதற்குமேல் சொன்னதெல்லாம் கற்பனை.

அகாராவின் அடியிலிருந்து பிடுங்குதல் என்னும் வினை வருவதை யாரும் மறுக்கவில்லை. பிரசங்கி 3:2இல் நட்டதைப் பிடுங்குவதற்கு அந்த வினைதான். யோசுவா 11இல் குதிரைகளின் குதிகால் நரம்பை அறுப்பதும் அதே அடி. ஆனால் லேவியராகமம் 25:47இல் வரும் ‘ஏகெர்’ குடும்பத்தின் ஒரு கிளையைக் குறிக்கும் பெயர். தானியேல் 4இல் மரத்தை வெட்டிய பிறகும் மண்ணில் விட்டுவைக்கச் சொல்லும் அடிக்கட்டைக்கு அரமேயத்தில் ‘இக்கார்’. பிற்கால எபிரெயத்தில் இக்கார் என்றால் முதன்மையானது, சாரமானது. ‘ஷோரெஷ்’ என்னும் வேர்ப்பெயரிலிருந்து வேரறுக்கும் வினை பிறந்த மொழி அது. நம்மிடம் களை என்னும் பெயரும் களைதல் என்னும் வினையும் இல்லையா? பெயரே முந்தியது, வினை பிந்தியது என்பது என் துணிபு. ராகேலை அகாரா என்னுமிடத்தில் ஆதியாகம ரப்பா என்னும் யூத உரைநூல் அதை மாற்றிப் படித்து, யாக்கோபின் வீட்டுக்கு அவளே இக்கார் என்றது. சிலேடை என்று தள்ளுவோர் தள்ளட்டும். அந்த மொழியில் வாழ்ந்தவர்கள் காதுக்கு வேர் கேட்டிருக்கிறது.

பிற மொழிகளும் சாபத்துக்குச் சாட்சி சொல்லவில்லை. குர்ஆனில் ஜக்கரியா தம் மனைவியை ‘ஆகிர்’ என்கிறார். அதுவும் இறைவனிடம் பிள்ளை கேட்டு மன்றாடும்போது. அவளையே லூக்கா ‘ஸ்தெய்ரா’ என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு உறவு வடமொழியின் ‘ஸ்தரீ’, ஈனாத பசு. வடமொழி ‘வந்த்யா’ தமிழில் ‘வந்தி’ ஆயிற்று. பெயரிலேயே மலட்டைச் சுமந்த பிட்டுக்காரிக்காகச் சொக்கநாதர் மண் சுமந்தது இங்கு எல்லோருக்கும் தெரிந்த கதை.

அகாரா, அதன் ஆண்பால் வடிவத்தையும் சேர்த்து, பழைய ஏற்பாட்டில் 11 வசனங்களில் 12 முறை வருகிறது. ஆண்பால் வருவது உபாகமம் 7:14இல். அதை மேடையில் யாரும் தொடுவதில்லை! கீழ்ப்படிந்தால் மலடு இராது என்ற வாக்குறுதி அது. அதைப் புரட்டிப்போட்டுச் சாபமாக்குகிறார்கள். உபாகமம் 28இன் சாபப் பட்டியலில் கர்ப்பத்தின் கனி உண்டு, அகாரா இல்லை. பிள்ளையின்மை தண்டனையாக வரும் சொல் வேறு: ‘அரீரி’. லேவியராகமம் 20இல் முறைகெட்ட உறவுக்கு அது தண்டனை. எரேமியா 22:30இல் அது விழுவது ஓர் அரசன் தலையில். அகாரா எனப்பட்ட சாராளையோ ரெபெக்காளையோ மனோவாவின் மனைவியையோ அச்சொல் தீண்டவில்லை.

அன்னாளைக் காட்டுவார்கள், கர்த்தர் அவள் கர்ப்பத்தை அடைத்தார் என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருக்கிறது. அவள்மேல் குற்றம் ஏதும் எழுதியிருக்கவில்லை. குத்திக் காட்டியவள் பெனின்னாள். குடிவெறி என்று பழித்தவர் ஆசாரியரான ஏலி. கதை அவளை அகாரா என்று ஓரிடத்திலும் அழைக்கவில்லை. அந்தச் சொல்லை அவளே தன் பாட்டில் எடுக்கிறாள், அகாரா ஏழு பெற்றாள் என்று கொண்டாட.

அகாராவுக்கு உரியது சாபம் அல்ல என்றால் வேறென்ன? இரக்கம். தமிழில் இரங்கு என்பதற்கு ஒலித்தல் ஒரு பொருள். சங்கப் பாட்டில் முரசு இரங்கும், கடல் இரங்கும். இரங்கல் நெய்தலுக்கு உரிப்பொருள். எபிரெயத்திலோ இரக்கம் ‘ரஹமீம்’. அதற்கு இனம் ‘ரெஹெம்’, கருப்பை. 1978இல் வெளிவந்த தம் நூலில் விவிலிய அறிஞர் ஃபிலிஸ் ட்ரிபிள் இதை விரித்து எழுதினார். அவருக்குப் பிறகும் இவ்விரு சொற்களுக்கும் தொடர்பில்லை என்போருக்கு ஏசாயா 54 போதும். முதல் வசனத்தில் அகாராவைப் பாடச் சொல்கிறார் கடவுள். 7, 8, 10ஆம் வசனங்களில் ரஹமீமின் அடியே மீண்டும் மீண்டும் வருகிறது. பேசப்படுபவள் சீயோன் நகரம்தான். ஆனாலும் கருப்பை பலிக்காதவளாக உருவகித்த ஒருத்தியிடம், கருப்பையில் பிறந்த சொல்லால் பேசுகிறார். அவள் பிள்ளை பெற்ற பிறகு பாடச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க. இரண்டு அதிகாரம் தள்ளி, பிள்ளைக்கே வழியில்லாத அண்ணகர்களுக்குக் குமாரர் குமாரத்திகளைவிட மேலான பெயரைத் தருவதாகச் சொல்கிறார். பிள்ளை கிடைத்தால்தான் இரக்கம் என்பாருக்கு இது விளங்காது.

அகாரா வேரறுந்தவள் அல்லள், வேர். மேடையேறுவோருக்குச் சாபம்தான் வேண்டுமென்றால் லேவியராகமம் 20ஐத் திறக்கட்டும். இந்த 11 வசனங்களை விட்டுவிடட்டும்.