சொல்வழிக் குகையாட்டமும் மூலபாட ஆராய்ச்சியும்

குடந்தைக் கல்லூரியில் 1880 ஆம் ஆண்டு தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், ஆங்குப் பணியாற்றிய நாளிலேயே சிந்தாமணியை 1887 இலும் பத்துப்பாட்டை 1889 இலும் பதிப்பித்தார். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, மூலம் இஃது, உரை இஃது, பாடவேறுபாடு இஃது எனப் பிரித்துக் காட்டிய அம்முறை ஓலைச்சுவடிக்கு மட்டும் உரியதன்று. கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுதியாகிய நிரலுக்கும் அது வேண்டப்படும் என்பதனை, 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டின் வரலாறு கொண்டு ஈண்டு நிறுவுவாம்.

திரையில் படமின்றி எழுத்தே வழங்கிய காலத்தில், சொல்லால் மட்டும் ஆடப்பெற்ற செலவாட்டங்களுள் முதற்கண் பெரும்புகழ் எய்தியது இதுவே. இதனை இயற்றியவர் வில் குரோதர். இவர் அமெரிக்காவில் அர்ப்பாநெட் வலையமைப்பின் ஆக்கத்திற் பங்குகொண்ட நிரலாளர். கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியுட் புகுந்து அளந்தவரும் ஆவர். தம் பெண்மக்கள் ஆடுதற்பொருட்டு 1975, 1976 ஆம் ஆண்டுகளில் அக்குகையின் ஒரு பகுதியைச் சொற்களால் அமைத்தார். பொறி ஆடுவோனை முன்னிலைப்படுத்தி, அவன் நிற்கும் இடத்தையும் ஆண்டுள்ள பொருளையும் கூறும். அவன் ஓரிரு சொல்லால் ஏவ, அதற்கேற்பக் காட்சி மாறும்.

முன்னிலையானுக்கு வழியும் வழியிடைக் காட்சியும் கூறுதல் ஆற்றுப்படை பயின்றார்க்குப் புதிதன்று. முடத்தாமக்கண்ணியாரின் பொருநராற்றுப்படை 248 அடிகளில் ஒரு பொருநனைக் கரிகாலன்பால் ஆற்றுப்படுத்திக் காவிரிநாட்டு நெல்வளத்தில் முடிகின்றது. இவ்விரண்டற்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டென்பது எம் கருத்தன்று. ஆற்றுப்படையில் வழி ஒன்றே. குகையாட்டத்திலோ ஆடுவோன் சொல்லே வழியை வகுக்கின்றது. ஆயினும் இரண்டிலும் இடத்தை ஆக்கித் தருவது சொல்லே. ஆதலின் இவ்வாட்டத்தையும் ஒரு நூலாகக் கோடல் தகும்.

இந்நூல் நெடுநாள் மூலத்தோடு வழங்கவில்லை. 1976 இல் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் இதனைக் கண்ட டான் வுட்ஸ், குரோதரின் இசைவு பெற்று விரித்தெழுதி, ஆட்டத்திற்கு மதிப்பெண் முறையும் வகுத்தார். 1977 இல் வெளிப்பட்ட அவ்விரிவே எங்கும் பரவிற்று. மாசச்சூசட்சுத் தொழில்நுட்பக் கழகத்தார் நால்வர் அவ்வாண்டிலேயே 'சோர்க்' என்னும் ஆட்டத்தைத் தொடங்கியதும் அதன் பயனே. மூலமோ மறைந்தது. குரோதர் குகையை உள்ளவாறு வரைந்தார்; மாயக்கூறுகள் யாவும் வுட்ஸ் சேர்த்தன என்னும் கருத்தும் நிலைபெற்றது.

பின்னர், வுட்சின் மாணவக் காலத்துக் கோப்புகளின் காப்புப் படியிலிருந்து குரோதரின் மூலநிரல் கிடைத்தது. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அதனை ஆய்ந்தும், கென்டக்கிக் குகைக்கே சென்று ஒப்புநோக்கியும் 2007 இல் தம் முடிபுகளை வெளியிட்டார். போர்ட்ரான் மொழியில் ஏறத்தாழ 700 வரி நிரலும், அதனோடு ஒத்த அளவினதாகிய தரவும் அதன்கண் உள்ளன. குகையிடங்கள் 66, பொறி அறியும் சொற்கள் 193. கோடரி எறியும் குள்ளரும், உரைத்த அளவில் இடம்பெயர்க்கும் மாயமொழியும் அம்மூலத்திலேயே காணப்படுகின்றன. எனவே முன்னைக் கருத்து வீழ்ந்தது. குரோதர் குகையை அளந்தவர் மட்டுமல்லர், புனைந்தவரும் ஆவர்.

விரித்தவர் தம் விரிவால் முதலாசிரியர் பெருமை மறைதல் இலக்கிய உலகில் பல்கால் நிகழ்வதே. விரித்தவர் பிழையன்று அது. மூலத்தைக் காவாதார் பிழையாம். ஓலையைச் செல்லரிக்கும். காந்த நாடா பழுதுறாது இருப்பினும், அதனைப் படிக்கும் பொறி வழக்கொழியின் ஊமையாகும். ஆதலின் படியெடுத்தலும் படிகளை ஒப்பிடுதலும் இத்துறைக்கும் இன்றியமையாதன. ஏட்டில் பயின்ற நம் மாணாக்கர் இப்பணிக்கும் உரியர் என்பது எம் துணிபு.