பங்கர்: ஓடாத ரயிலின் கூரை

பங்கர் என்பது விமானக் குண்டுக்கும் எறிகணைக்கும் தப்ப இலங்கைத் தமிழர் வீட்டு வளவிலும் பள்ளி முற்றத்திலும் வெட்டிக்கொண்ட குழி. எழுத்தில் பதுங்குகுழி என்பார்கள். அதற்குள் இறங்கி உட்கார்ந்தவர்கள் வாயில் அந்தச் சொல் வருவது அபூர்வம். அவர்களுக்கு அது எப்போதும் பங்கர்தான். 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்ட பிறகு வடக்கே வீட்டுக்கு வீடு பரவி, 2009 மே வரை நிலைத்தது. புழல் முகாமிலும் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி முகாமிலும் வாழும் இலங்கைத் தமிழரில் மூத்தவர்களுக்கு, விட்டுவந்த வீடு என்றால் கிணறும் மாமரமும் போல அந்தக் குழியும் சேர்ந்ததுதான்.

அந்தக் குழியின் கூரையாகப் பல இடங்களில் கிடந்தது ரயில் பாதையின் சிலிப்பர் கட்டை. மற்ற நாடுகளில் கைவிடப்பட்ட ரயில் சுரங்கத்துக்குள் மக்கள் போய்ப் பதுங்கியதுண்டு. யாழ்ப்பாணம் மலை இல்லாத சமதரை. அங்கே ரயில் எந்தச் சுரங்கத்துக்குள்ளும் நுழைந்து வெளிவந்ததில்லை. ஓடாமல் நின்றுபோன பாதையையே பெயர்த்துக்கொண்டுபோய் நிலத்துக்கடியில் கூரையாக்கினார்கள்.

முன் நடந்தவை

ரயில் சுரங்கம் புகலிடமான கதைகளில் நன்கு அறியப்பட்டது இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ராம்ஸ்கேட்டினுடையது. துறைமுகத்துக்கு இறங்கும் சுரங்கத்தில் 1863 முதல் ரயில் ஓடியது. 1926இல் அந்தப் பாதை மூடப்பட்டது. போர் வரும் என்று ஊகித்த நகராட்சி, பழைய சுரங்கத்தோடு இணைத்து ஊருக்கடியில் சுண்ணப் பாறையைக் குடைந்து, 1939 ஜூன் 1 அன்று புகலிடத்தைத் திறந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான குண்டுகள் விழுந்து வீடுகள் தரைமட்டமாயின. வீடிழந்த குடும்பங்கள் பல, சுரங்கத்துக்குள்ளேயே திரை கட்டிக் குடித்தனம் நடத்தின.

லண்டனில் ஓடிக்கொண்டிருந்த சுரங்க ரயில் நிலையங்களிலேயே மக்கள் படுத்தார்கள். ஆழம் மட்டும் போதாது என்பதற்கும் லண்டனே சாட்சி. 1940 அக்டோபரில் பாலம் (Balham) நிலையத்துக்கு மேலே சாலையில் குண்டு விழுந்து, குழாய்கள் உடைந்து, தண்ணீரும் மண்ணும் கீழே கொட்டி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1943 மார்ச் 3 அன்று, கட்டி முடிக்கப்படாத பெத்னல் கிரீன் நிலையத்தின் படிக்கட்டு நெரிசலில் 173 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அன்றிரவு அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை.

சென்னைக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தபோது ஒளிய இடம் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. 1942இல் நிலைமை வேறு. பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரல் 5 அன்று கொழும்பு, 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 அன்று திருகோணமலை என்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்து சென்னைதான் என்று ஊரே பெட்டி கட்டியது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசும் அலுவலகங்களை ஊட்டி முதலிய உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. விலங்குக் காட்சிச்சாலையின் கூண்டு உடைந்தால் ஆபத்து என்று அங்கிருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்; அந்தப் பீதியில் நடந்தவற்றிலேயே வெட்கப்படத்தக்கது இதுதான். திறந்த வெளிகளில் பள்ளம் வெட்டினார்கள், விளக்குகளுக்கு மூடி போட்டார்கள். விளக்கணைப்புக்கு வந்த 'இருட்டடிப்பு' என்ற சொல், இன்று செய்தியை மறைப்பதைக் குறிப்பதாகிவிட்டது. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனதோடு சென்னையின் பங்கு முடிந்தது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் அந்தப் போரின் மிச்சம் சோழவரம் விமான ஓடுதளம். போருக்குப் பின் அதில் பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது.

நின்றுபோன பாதை

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை செல்லும் வடபாதையின் யாழ்ப்பாணத் துண்டில் 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. இடையிலிருந்த வன்னிக் காடு கடக்கப்பட்டு, 1905 ஆகஸ்டில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்ப்பாதை கிடைத்தது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி வந்தது. கொழும்பில் குமாஸ்தா வேலை பார்த்த மகன், வார இறுதியில் வீட்டுக்கு வந்து திரும்பும்போது மாம்பழமும் பனங்கட்டியும் கொண்டுபோன ரயில் அது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தை இணைத்துவைத்தது அந்த ஒற்றைத் தண்டவாளம் என்று சொன்னால் மிகையில்லை.

1985 ஜனவரியில் முறிகண்டியருகே யாழ்தேவி குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. படையினர் பலர் இறந்தனர். பிறகு விட்டுவிட்டு ஓடிய ரயில், 1990 ஜூனில் வவுனியாவுக்கு வடக்கே அடியோடு நின்றது. மன்னார் வழியே தலைமன்னார் போகும் கிளையும் அதே ஆண்டு நின்றது. யாழ்ப்பாணம் நிலையம் கூரையின்றி, சுவரெல்லாம் சன்னத் துளைகளோடு, ஏறத்தாழ கால் நூற்றாண்டு நின்றது.

கட்டை குழிக்கு வந்த விதம்

போர் தொடங்கியதும் வடக்குக்குப் போகும் பொருள்களுக்கு அரசு தடை போட்டது. சிமெண்ட், இரும்புக் கம்பி, எரிபொருள், பேட்டரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆக, குண்டு தாங்கும் கூரைக்குத் தேவையான சிமெண்டும் கம்பியும், குண்டு விழத் தொடங்கிய அதே காலத்தில் கிடைக்காமல் போயின. கையெட்டும் தூரத்தில் இருந்த உறுதியான பொருள்கள் இரண்டுதான்: ஒன்று பனை, மற்றது ரயில் பாதை.

பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி மேலே மண் கொட்டுவது எங்கும் நடந்தது. அதற்காக விழுந்த பனைகள் ஏராளம். சிலிப்பர் கட்டைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அகலப் பாதைக் கட்டை ஏறத்தாழ 9 அடி நீளம். நான்கடி அகலக் குழியின் மேல் குறுக்கே வைத்தால் இருபக்கமும் இரண்டரை அடி கெட்டி நிலத்தில் படியும். ரயிலின் பாரத்தையே தாங்கிய வைரமான மரம், செதுக்க வேண்டியதில்லை, ஆணி வேண்டியதில்லை. கீழே தண்டவாளத் துண்டைக் குறுக்கே போட்டால் இன்னும் பலம். மேலே மண்மூட்டை, அதன்மேல் மண், அதற்கும் மேல் புல் முளைக்கவிட்டால் ஆகாயத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது.

எடுத்தவர்கள் பொதுமக்கள் மட்டும் இல்லை. விடுதலைப் புலிகள் தங்கள் காவலரண்களுக்குத் தண்டவாளத்தையும் கட்டையையும் பெருமளவில் கொண்டுபோனார்கள். இராணுவமும் தன் முன்னரங்குகளுக்கு அதையே பயன்படுத்தியது. எதிரெதிரே நின்ற இரண்டு படைகளின் தலைக்கு மேலும் ஒரே ரயில் பாதை கூரையாகக் கிடந்தது. கிலோமீட்டருக்குச் சுமார் 1500 கட்டை என்ற பொதுக் கணக்கில், வவுனியாவுக்கு வடக்கே உள்ள ஓமந்தை முதல் காங்கேசன்துறை வரையிலான 146 கிலோமீட்டருக்கு 2 லட்சத்துக்கு மேல் வருகிறது. அவ்வளவும் பங்கருக்கே போனது என்று சொல்வதற்கில்லை. ஆனால் போர் முடிந்தபோது அந்தத் தூரத்தில் பாதை என்று சொல்ல மேடும் பாலங்களின் எச்சமும்தான் பெரும்பாலும் மிஞ்சியிருந்தன.

குழியின் வடிவம்

நேராக வெட்டிய குழியைவிட 'ட' வடிவில் மடங்கியது நல்லது என்பதை மக்கள் விரைவில் கற்றார்கள். வாசலருகே குண்டு வெடித்தால் சிதறும் துண்டு நேராகத்தான் பாயும், மூலையில் திரும்பாது. நேரே மேல் விழுந்தால் எந்தக் குழியும் காப்பாற்றாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். பங்கர் காப்பது பக்கத்தில் விழுவதிலிருந்து. குண்டில் சாகிறவர்களில் பெரும்பாலோர் சிதறு துண்டாலும் அதிர்வாலும் சாகிறவர்கள் என்பதால் அந்தப் பாதுகாப்பு அற்பமானதல்ல.

வெட்டுவதுதான் பாடு. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே கொஞ்ச ஆழத்தில் சுண்ணாம்புக் கல் வந்துவிடும். அலவாங்கால், அதாவது நம்மூர்க் கடப்பாரையால், அங்குலம் அங்குலமாக உடைக்க வேண்டும். வடமராட்சிக் கிழக்கு மணலில் வெட்டுவது சுலபம், நிற்கவைப்பது கஷ்டம். வன்னியில் மண் நல்லது. ஆனால் கார்த்திகை, மார்கழி மழையில் குழி கிணறாகிவிடும். தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு உள்ளே இறங்கினால் பாம்பு படுத்திருக்கும். குண்டுக்குத் தப்பிப் பாம்புக் கடியில் போனவர்கள் உண்டு. இரவில் வெளிச்சம் ஜாம் போத்தல் விளக்கு: போத்தலின் அடியில் பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய். மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்ததும் அந்த விளக்கில்தான்.

எந்த விமானம் என்பதைப் பொறுத்து ஓடும் வேகம் மாறும். கைக்குழந்தைக்காரிகள்கூட இரைச்சலை வைத்து வகை சொல்வார்கள். பீப்பாய்க் குண்டை உருட்டிவிடும் பெரிய சரக்கு விமானம் சகடை. சத்தம் முன்பே வரும், ஓட நேரம் இருக்கும். 1993இல் அர்ஜென்டினாவிலிருந்து வந்தது புக்காரா. 1996இல் இஸ்ரேலிலிருந்து வந்த கிபிர் வேறு ஜாதி. அதன் இரைச்சல் காதில் விழும்போது குண்டும் விழுந்திருக்கும். பிற்காலத்தில் வானில் ரீங்காரமிட்டுச் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு என்று பேர் வைத்தார்கள். வண்டு வந்தால் பின்னாலேயே கிபிர் வரும் என்பது அனுபவ சாஸ்திரம்.

பங்கரை விட்டுப் பொதுவிடங்களில் கூடியவர்களுக்கு நேர்ந்ததற்கு நவாலி ஒரு சான்று. 1995 ஜூலை 9 அன்று, இடம்பெயர்ந்த மக்கள் தங்கியிருந்த புனித பேதுரு தேவாலயப் பகுதியில் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். செப்டம்பர் 22 அன்று வடமராட்சிக் கிழக்கில் நாகர்கோவில் பள்ளியில் குண்டு விழுந்தது. இறந்தவர்களில் பலர் மாணவர்கள்.

சேலை

2009இன் முதல் மாதங்களில் புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஒடுங்கிய மக்களிடம் கட்டையும் இல்லை, பனைக்கு நேரமும் இல்லை. கடற்கரை மணலில் கையாலும் பாத்திரத்தாலும் இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் ஊறும். சரியும் மணலைத் தடுக்கச் சாக்கு கிடைக்காதபோது சேலைகளை வெட்டித் தைத்து மண்மூட்டை ஆக்கினார்கள். பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த கூறைச் சேலையும் தப்பவில்லை. போர் முடிந்தபின் அந்த மணல்வெளியைக் கண்டவர்கள் எழுதியவற்றில், வெயிலில் வெளிறிய வண்ணத் துணி மூட்டைகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நின்றது புதுக்குடியிருப்புக் காட்டில் புலிகளின் தலைவர் பிரபாகரனுடையது என்று இராணுவம் காட்சிக்கு வைத்த, பல அடுக்கு ஆழம் கொண்ட கான்கிரீட் நிலவறை. தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்து பார்த்துப் போனார்கள். 2013 அக்டோபரில் இராணுவமே அதை வெடிவைத்துத் தகர்த்தது. குடிமக்களின் பங்கர்களை யாரும் காட்சிக்கு வைக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் முதல் வேலையாக அதைத் தூர்த்து, மேலே வாழை வைத்தார்கள்.

முகாமும் மீண்ட ரயிலும்

இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு அகதிகள் வந்தது 1983 கலவரத்துக்குப் பின். 1990இல் ஓர் அலை, 1996இலும் 2006இலும் வேறு அலைகள். 1990 அலையில் மட்டும் 1 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். பெரும்பாலோர் மன்னார்க் கரையிலிருந்து படகில் ராமேசுவரம், அங்கிருந்து மண்டபம், பிறகு மாநிலமெங்கும் முகாம்கள். சென்னைப் புறநகர் ரயிலின் வடக்குப் பாதையில் இருக்கும் கும்மிடிப்பூண்டி முகாம் அவற்றில் பெரியவற்றுள் ஒன்று. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் பெயிண்ட் அடிக்கும் வேலையிலும் முகாம் ஆண்கள் தினக்கூலி தேடினார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

வடபாதையை மீண்டும் போட்டது இந்தியக் கடனுதவியுடன் இந்தியப் பொதுத்துறை நிறுவனமான இர்கான். முதலில் கண்ணிவெடி அகற்றல், பிறகு மண் மேடு, பிறகு புதுக் கான்கிரீட் சிலிப்பர். 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணம், 2015 ஜனவரி 2 அன்று காங்கேசன்துறை. 2015 மார்ச்சில் தலைமன்னார்க் கிளையும் திறந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கப்பல் இறங்கிய ஊரிலேயே யாழ்ப்பாணத்துக்கு ரயில் பிடிக்கலாம். கப்பல் ஏறப் பாஸ்போர்ட் வேண்டும். முகாமில் பிறந்து வளர்ந்த பலரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை.