வாளா, வில்லா, வாணமா? சித்தூர்–திருப்பதி நிலத்தில் படைக்கலமும் படையமைப்பும்

கற்பனைப் போர் விளையாட்டுகளில் ஈடுபடும் இளைஞரிடையே ஓயாத விவாதம் ஒன்று உண்டு. வாள்வீரன் சிறந்தவனா, வில்லாளி சிறந்தவனா? ஒரு குழுவில் யார் முன்னே நிற்பது, யார் தொலைவிலிருந்து தாக்குவது? சித்தூர், திருப்பதி மாவட்டங்களும் அவற்றை ஒட்டிய வடதமிழக எல்லையும் சேர்ந்த நிலப்பரப்பில் இந்த வினா ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உயிரைப் பணயம் வைத்துக் கேட்கப்பட்டது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து தொண்டை மண்டலச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இங்கே உள்ளன. மேட்டிலிருந்து வந்த படையும் சமவெளியில் காத்திருந்த படையும் மோதிக்கொண்ட வாயில் இது. ஆகவே, வெவ்வேறு படைக்கல மரபுகளை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான களம் தென்னிந்தியாவில் அரிது.

1. நடுகல் காட்டும் சிறுகுழு

இப்பகுதியின் மிகப் பழைய போர்ச்சான்றுகள் நடுகற்களே. பல்லவர் காலத்தில் வாணர், கங்கர், நுளம்பர், வைதும்பர் ஆகிய குறுநில மரபினர் இந்த எல்லைப் பகுதியில் தம்முள் பொருதனர். அவர்களின் போர்களில் பெரும்பாலானவை தொறுப்பூசல்கள், அதாவது ஆநிரை கவர்தலும் மீட்டலும். தொல்காப்பியம் வெட்சித்திணைக்குள்ளேயே மீட்டலையும் அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாகப் பிரிக்கிறது. இலக்கணம் வகுத்த அந்த நிகழ்வுகளை ஊர்ப்பெயருடனும் ஆள்பெயருடனும் நடுகற்கள் பதிவு செய்கின்றன. நிருபதுங்க பல்லவனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஆம்பூர் நடுகற்கள், நுளம்பனின் படை ஆநிரை கவர்ந்தபோது அதை எதிர்த்து மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்டவை.

செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வீரனின் உருவம் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் அமைகிறது. ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள். உடலில் தைத்த அம்புகள். அருகில் கெண்டியும் சிமிழும். இந்தச் சிற்பத்தைப் படைக்கலச் சான்றாகப் படிக்கும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. சிறுகுழுப் போரில் வில்லாளி வேறு, வாள்வீரன் வேறு என்ற தொழிற்பிரிவு வலுவாக இல்லை. ஒரே ஆள் தொலைவில் வில்லும் நெருக்கத்தில் வாளும் ஏந்த வேண்டியிருந்தது. இரவில் மந்தையைக் காக்கும் சிலருக்குத் தனித்தனிப் பிரிவுகள் அமைத்துக்கொள்ள ஆள்பலம் ஏது? உடலில் தைத்த அம்புகளோ மற்றொன்றைச் சொல்கின்றன. வீரன் வாளோடு நெருங்குவதற்கு முன்பே அம்பு அவனை அடைந்துவிடும்.

இக்குழுவில் மனிதர் மட்டும் இடம்பெறவில்லை. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு கோவிவன் என்னும் நாயையும் காட்டுகிறது. கள்வரை எதிர்த்து நின்றதற்காக அந்த நாய்க்கும் கல்லில் பெயர் கிடைத்தது.

அரசப்படையின் அமைப்பு வேறு. பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்காலப் பேகூர் வீரக்கல், கங்கர் தரப்பில் நின்ற நாகத்தரன் நுளம்ப வீரமகேந்திரனோடு பொருது மாண்டதைக் குறிக்கிறது. அதில் யானையும் குதிரையும் காலாளும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு தனிவீரனின் இடத்தை அங்கே பல பிரிவுகள் கொண்ட கூட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது.

2. யானை மேல் இருந்தவர்கள்

அந்தக் கூட்டத்தின் உச்சியில் யானை இருந்தது. தலைவன் களம் முழுவதையும் காணவும், படை முழுவதும் தலைவனைக் காணவும் யானை உதவியது. அதே உயரம் பகைவனுக்கும் குறியாயிற்று. 949இல் தக்கோலத்தில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் சோழப்படையும் மோதின. சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். பெரிய லெய்டன் செப்பேடும் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனின் வெற்றியைக் கூறும் ஆதகூர்க் கல்வெட்டும் வெவ்வேறு தரப்பிலிருந்து இந்த மரணத்தைச் சொல்கின்றன. தலைவன் வீழ்ந்ததும் சோழர் வடக்கெல்லை முழுவதும் சரிந்தது.

சரியாக 800 ஆண்டுகள் கழித்து, 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில், ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் தம் யானைமேல் இருந்தபடியே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். எதிரே நின்றவை சந்தா சாகிபு, முசாபர் ஜங் ஆகியோரின் படைகளும் அவர்களுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையும். அம்பு போய்க் குண்டு வந்திருந்தது. ஆயினும் தலைவன் அமர்ந்த இடமும், அவன் வீழ்ந்தால் படையே கலையும் என்ற நிலையும் மாறவில்லை. படைக்கலம் மாறிய வேகத்தில் படையமைப்பு மாறாததன் விலையை இவ்விரு மரணங்களும் காட்டுகின்றன.

3. விஜயநகர அவையில் நடந்த ஒப்பீடு

படைக்கலங்களை ஒப்பிட்டு முடிவெடுத்த ஓர் அரச அவையின் செய்தி பெரிஷ்தாவின் நூலில் கிடைக்கிறது. திருமலையிலும் கல்வெட்டுகள் கொண்ட விஜயநகர மன்னன் இரண்டாம் தேவராயன் (1424–1446), தன்னைவிடச் சிறிய நாடான பாமினி தொடர்ந்து வெல்வது ஏன் என்று அவையோரைக் கேட்டான். பகைவரின் குதிரைகள் வலியவை. அவர்களிடம் தேர்ந்த வில்லாளிகள் மிகுதி என்று விடை வந்தது. அதன்பின் தேவராயன் முஸ்லிம் வீரர்களைப் படையில் சேர்த்து, நிலமானியம் வழங்கி, அவர்கள் தொழப் பள்ளிவாசலும் எழுப்பினான். தன் வீரருக்கும் வில்வித்தை பயிற்றுவித்தான்.

பெரிஷ்தா எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர். அவரது சார்பும் அறிந்ததே. எனினும் இந்தச் செய்தியின் உட்பொருள் கவனத்திற்குரியது. குதிரைமேலிருந்து வில் எய்தல் கடையில் வாங்கும் கருவியன்று. அதற்கேற்ற குதிரை வேண்டும். இளமையிலேயே தொடங்கும் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைக் குலத்தொழிலாகக் கொண்ட மக்கள் வேண்டும். ஒரு படைக்கலத்தைப் பெற விரும்பிய அரசன் அதற்குரிய மனிதரையும் அவர்தம் வழிபாட்டையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருந்தது.

4. தாமல்செருவு, 1740

பாகாலாவை அடுத்த தாமல்செருவுக் கணவாய் 1740 மே 20 அன்று மற்றொரு பாடம் கற்பித்தது. இரகூஜி போன்ஸ்லேயின் தலைமையில் வந்த மராட்டியரைத் தடுக்க நவாப் தோஸ்த் அலி கான் அங்கே அணிவகுத்து நின்றார். குறுகிய வாயிலை அடைத்து நிற்பது சரியான திட்டமாகவே தோன்றியது. ஆனால் மராட்டியர் வேறொரு மலைவழியாக உள்ளே இறங்கிப் பின்புறமிருந்து தாக்கினர். நவாபும் மகன் ஹசன் அலியும் களத்திலேயே மாண்டனர். மூத்த மகன் சப்தர் அலி வேலூர்க் கோட்டைக்குள் ஒதுங்கி, ஒரு கோடி ரூபாய் தர உடன்பட்டார். அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வீழ்ந்து, சந்தா சாகிபு சிறைப்பட்டார்.

மராட்டியர் கையில் புதுமையான படைக்கலம் எதுவும் இல்லை. வாளும் ஈட்டியும் ஏந்திய இலகுவான குதிரைப்படை அது. பாரம் குறைவு, ஆகையால் வேகம் மிகுதி. மலைவழி அறிந்த உள்ளூர்த் துணை கிடைத்தபோது அந்த வேகமே வெற்றியாயிற்று.

குதிரைப்படையின் நடத்தையை உடைமைமுறையும் தீர்மானித்தது. அரசு தந்த குதிரையில் ஏறியவன் பார்கீர். தன் சொந்தக் குதிரையோடு வந்தவன் சிலேதார். சிலேதாருக்குக் குதிரைதான் முதல், குதிரைதான் பிழைப்பு. அது இறந்தால் அவன் ஊதியமும் நின்றது. அத்தகையவன் பீரங்கியின் எதிரே நேராகப் பாயத் தயங்கியதைக் கோழைத்தனம் என்று சில ஐரோப்பியர் எழுதினர். அது தன் குடும்பத்தின் ஒரே சொத்தைக் காத்துக்கொள்ளும் கணக்கு.

5. புள்ளலூரும் சோளிங்கரும்

பதினெட்டாம் நூற்றாண்டில் சக்கிமுக்கித் துப்பாக்கியும் அதன் முனையில் செருகும் கத்தியும் காலாட்படையின் இயல்பையே மாற்றின. பழைய திரித்துப்பாக்கிக்காரன் ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்து இடித்து நிரப்பும் வரை அவனைக் காக்க ஈட்டிவீரன் தேவைப்பட்டான். இப்போது ஒரே ஆள் சுடவும் குத்தவும் முடிந்தது. நடுகல் வீரனின் வில்லும் வாளும் போலத் தொலைவும் நெருக்கமும் மீண்டும் ஒரே கையில் கூடின. ஒரே வேறுபாடு, இம்முறை அந்த ஆள் ஆயிரம் பேரோடு ஒரே தாளத்தில் அசையப் பழக்கப்பட்டிருந்தான்.

ஹைதர் அலியின் படை இதற்கு விடையாக அமைந்தது. இலகுவான குதிரைப்படை நாட்டைச் சூழ்ந்து உணவை அறுக்கும். பயிற்சிபெற்ற காலாளும் பீரங்கியும் நேரே நிற்கும். இரும்புக் குழலில் மருந்தடைத்த வாணங்கள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வரை பறந்து அணிகளைக் கலைக்கும். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் இவை மூன்றும் இணைந்தன. கர்னல் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை, வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதற, முற்றாக அழிந்தது. வெடிக்கச் செய்தது வாணமா பீரங்கிக் குண்டா என்பதில் சான்றுகள் வேறுபடுகின்றன. சில மைல் தொலைவில் பெரும்படையோடு இருந்த மன்ரோ உதவிக்கு உரிய நேரத்தில் நகரவில்லை. காஞ்சிக் கோயிலுக்குள் சேமித்திருந்த தானியத்தை விட்டுச்செல்ல அவர் அஞ்சியதே ஒரு காரணம்.

அடுத்த ஆண்டு அயர் கூட் 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையிலும் செப்டம்பர் 27 அன்று சோளிங்கரிலும் ஹைதரை வென்றார். அதே ஹைதர், அதே குதிரைப்படை, அதே வாணம். ஒழுங்கு குலையாத காலாட்படையைக் குதிரைப்படை உடைக்க இயலவில்லை. ஆனால் வென்ற கூட்டால் தோற்றவரைத் துரத்தவும் முடியவில்லை. இழுவை மாடுகளும் அரிசியும் இல்லை. சோளிங்கருக்குப் பின் அவர் சென்றது கார்வேட்டிநகரத்துப் பொம்மராசப் பாளையத்திற்கு, தானியம் தேடி. சித்தூர்க் கோட்டையை நவம்பரில் அவர் கைப்பற்றியதும், வேலூருக்கு உணவு கொண்டு சேர்த்ததும் இந்தத் தேடலின் தொடர்ச்சியே. 1782இல் சந்திரகிரி ஹைதர் வசமாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் காலமானார். மலையாளக் கரையிலிருந்து திப்பு வந்து சேரும்வரை படை கலையாதிருக்க அச்செய்தி மறைக்கப்பட்டது. 949லும் 1749லும் தலைவனின் மரணம் நொடியில் செய்ததை, இங்கே ஓர் ஒழுங்கான பாசறை தடுத்துக்கொண்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் படையமைப்பு எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதற்கு அதுவே அளவுகோல்.

6. கூலியும் பெயரும்

இத்தனை கூட்டணிகளுக்கும் ஊதியம் எங்கிருந்து வந்தது? அதன் ஒரு பகுதி திருப்பதியிலிருந்து வந்தது. புரட்டாசிப் பிரம்மோற்சவத்தில் கூடும் யாத்திரிகரின் காணிக்கையால் வளர்ந்த அந்த வருவாயை, நவாப் முகமது அலி போர்ச்செலவுக்கு ஈடாகக் கும்பினிக்கு எழுதிக்கொடுத்தார். 1750களில் பல படைத்தலைவர்கள் திருப்பதியின்மேல் கண்வைத்ததற்கு இதுவே காரணம். மலையேறி முடி இறக்கிய ஏழையின் காசு, அவன் அறியாமலேயே துப்பாக்கி மருந்தாயிற்று. மறுபுறம், படைகள் மாறிமாறி எரித்த ஊர்களின் மக்கள் 1781–82இல் பஞ்சத்தில் சென்னையை நோக்கி நடந்தனர்.

வாளா வில்லா என்ற வினாவிற்கு இந்த நிலம் தரும் விடை ஒன்றுதான். எந்தப் படைக்கலமும் தனித்து வென்றதில்லை. அதை ஏந்தியவனின் பயிற்சி, அவனுக்கு அருகில் நின்றவன், குதிரையின் உடைமை, வழிகாட்டியவன், மாட்டுவண்டி ஓட்டியவன் ஆகிய அனைவரும் சேர்ந்ததே படை. படைக்கல வரலாற்றைப் பயிலும் மாணவர் இரும்பைப் பார்க்கும் அளவுக்கு அரிசி மூட்டையையும் பார்க்க வேண்டும்.

இறுதியாக ஓர் ஒப்பீடு. ஏழாம் நூற்றாண்டின் எடுத்தனூரில் ஒரு மந்தையைக் காத்தவனுக்குப் பெயர் இருக்கிறது. அவனுடைய நாய்க்கும் பெயர் இருக்கிறது. புள்ளலூர்ச் சமவெளியில் இன்று இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று அங்கே நடந்த இரண்டாம் போரில் மாண்ட ஜேம்ஸ் ஹிஸ்லாப், ஜார்ஜ் பிரவுன் என்னும் இரு கும்பினி அதிகாரிகளுக்கு உரியவை அவை. அந்த நிலத்தில் இரு தரப்பிலும் விழுந்த ஆயிரக்கணக்கான தமிழ், தெலுங்கு, கன்னடச் சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட அங்கே கல்லில் இல்லை. படை பெருகப் பெருகப் படைவீரன் பெயரிழந்தான். சித்தூர் மாவட்டத்து வயல்வரப்புகளில் இன்னும் படிக்கப்படாமல் சாய்ந்து கிடக்கும் நடுகற்கள் பெயர்கள் பொறிக்கப்பட்ட காலத்தைச் சேர்ந்தவை. அவை தேய்ந்து மறைவதற்குள் படியெடுக்கப்பட வேண்டும்.