களத்து நெல்லும் கோபுரக் கலசமும்

கோபுர உச்சியில் கலசத்தை ஏற்றுமுன் அதனுள் தானியங்களை நிரப்புதல் நம் முன்னோர் கண்ட மரபு. ஊர் விளைவித்த பொருளை ஊரின் தலைமேல் வைத்து இறைவனுக்குக் காட்டும் செயல் அது. வயலுக்கும் ஆலயத்திற்கும் உள்ள உறவை இதனினும் தெளிவாக உரைப்பது பிறிதொன்றில்லை. அவ்வுறவு எங்ஙனம் நிலைபெற்றது, அந்நியர் ஆட்சியில் எங்ஙனம் தளர்ந்தது, இன்று எவர் கையில் தங்கியுள்ளது என்பவற்றைத் தொண்டைநாட்டின் பொருளியல் வரலாறு கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் சூழ, பாடல்பெற்ற திருவான்மியூருக்குத் தெற்கே அமைந்தது நம் பாலவாக்கம். பாக்கம் என்பது கடற்கரையூரைக் குறிக்கும் பழஞ்சொல்; வாக்கம் என்பது அதன் திரிபு. 24 கோட்டங்களாகப் பகுக்கப்பெற்றிருந்த தொண்டைமண்டலத்தில், ஆண்டு முழுதும் நீர் பெருகும் பேராறு இல்லை. ஆகவே நம் முன்னோர் ஏரிகளை வெட்டி மழைநீரைத் தேக்கினர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் தனிக்குழு இயங்கியதைக் கூறுகின்றன. அக்காலக் கோயில்கள் வழிபாட்டிடமாக மட்டும் அமைந்தில. அடியார் அளித்த பொன்னை ஊர்ச்சபை பெற்றுக்கொண்டு, அதன் வட்டியால் விளக்கும் அமுதுபடியும் நடத்திற்று. நந்தாவிளக்கிற்கு விடப்பட்ட ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. மந்தை பெருகும், முதல் குறையாது, விளக்கும் அணையாது.

இவ்வொழுங்கு பதினெட்டாம் நூற்றாண்டு வரை பெரிதும் நிலைத்திருந்தது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதன்பொருட்டு எழுதப்பட்ட தமிழ் ஓலைகளுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகள் நம் காலத்தில் அச்சேறியுள்ளன. அவற்றைக் காண்போர் வியப்புறுவர். களத்தில் நெல்லைக் குவித்ததும் அரசனுக்கும் உழவனுக்கும் வாரம் பிரிப்பதற்கு முன்னரே கோயில், கணக்கன், தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், தலையாரி, வெட்டியான் ஆகியோருக்கு உரிய பங்குகள் அளந்து வழங்கப்பட்டன. மேரை, சுதந்திரம் என்பன அப்பங்குகளின் பெயர்கள். இவை இரந்து பெற்ற தருமம் அல்ல, உரிமை. ஆண்டவனும் ஊராருள் ஒருவனாய் நின்று தன் பங்கைப் பெற்றான்.

ஆயினும் அக்காலத்தைக் குறையற்ற பொற்காலம் எனப் புகழ்தல் உண்மைக்குப் பொருந்தாது. சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்களுக்குப் பங்கும் சிறிது, காணியுரிமையும் இல்லை, அந்நெல்லால் அமுது படைக்கப்பெற்ற சந்நிதிக்குள் நுழையவும் பலருக்கு வழியில்லை.

கம்பெனியார் ஆட்சியில் நெல்லின் இடத்தை ரொக்கம் பிடித்தது. 1780-இல் நேர்ந்த ஐதரலியின் படையெடுப்பால் ஊர்கள் பாழ்பட்டன. 1794-இல் ஆட்சியராக வந்த லயனல் பிளேஸ் துரை ஏரிகளைச் செப்பனிட்டார். காஞ்சித் திருவிழாக்களையும் ஆதரித்தார். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் அவருக்குக் காட்சி தந்த வரலாற்றை அன்பர்கள் இன்றும் போற்றுவர். எனினும், வரி பெருக வேண்டும் என்பதே அரசின் நோக்கம். 1802-இல் சீமையை முட்டாக்களாக்கி ஏலத்தில் விட்டனர். எடுத்தோர் பலர் கிஸ்தி கட்ட இயலாது வீழ்ந்தனர். பின்னர் ரயத்துவாரி முறை வந்தது. கோயில் நிலங்கள் பலவற்றை அரசு எடுத்துக்கொண்டு, ஈடாகத் தஸ்திக் என்னும் ரொக்கப்படி கொடுத்தது. நெல்லின் விலை ஏறினும் தஸ்திக் ஏறவில்லை; விளக்குகள் மங்கின.

கடற்கரையும் இம்மாற்றத்திற்குத் தப்பவில்லை. 1805-இல் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. சீமை ஆலைத்துணி வந்து குவிந்தபின் நெசவாளர் தறிகள் ஓய்ந்தன. 1876-78 தாது வருடப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயைப் பசித்த மக்களே கூலிக்கு வெட்டினர். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் பின்னர் இக்கால்வாய் வழியே சென்னை சேர்ந்தன. உழைப்பாளரின் துயரைச் செங்கற்பட்டு ஆட்சியராய் அலுவல் பார்த்த டிரெமன்ஹீர் 1891-இல் அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டே அவர்களுக்கு நிலம் வழங்க அரசாணை பிறந்தது.

விடுதலையை ஒட்டிக் காட்சி மாறிற்று. 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணமெங்கும் கோயிற்கதவை அனைவர்க்கும் திறந்தது. 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டம் கோயிற் சொத்துக்களுக்குக் காவலாயிற்று. 1963-இல் சிறு இனாம்கள் ஒழிக்கப்பட்டன. நகரம் தெற்கே வளர, கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் மனைகள் எழுந்தன. 2011-இல் பாலவாக்கம் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. குழி, காணி என அளந்த மண் இன்று சதுர அடியில் விலைபேசப்படுகின்றது. களத்துமேடு மறைந்தது, ஆண்டவனுக்குப் பங்களந்த மரக்காலும் மறைந்தது.

பங்கு மட்டும் மறைந்திலது. அன்று களத்தில் அளந்ததை இன்று அன்பர்கள் நன்கொடையாய் அளிக்கின்றனர். மாதச் சம்பளத்தில் ஒதுக்கிய தொகையும், கடல் சென்று மீண்ட மீனவர் தரும் காணிக்கையும், வீட்டு வேலை செய்யும் அம்மையார் உண்டியலில் இடும் நாணயமும் அப்பழைய மேரையின் புதுவடிவங்களே. ஆயின் முன்னோர் முறையில் இன்னொரு பாதியும் உண்டு. கோயிலுக்கு அளந்த அதே களத்தில், ஊருக்கு உழைத்தோர்க்கும் அவர்கள் அளந்தனர். திருப்பணிக்கு வாரி வழங்கும் நாம், கல் சுமந்தவர், சாரம் கட்டியவர், தெருவைத் தூய்மை செய்பவர் ஆகியோர் பங்கையும் மறவாது அளத்தல் வேண்டும். அவர்கள் முற்காலத்தில் குறைவாகப் பெற்றமையால், இன்று நிறைவாகப் பெறுதலே முறை.

கலசத்துள் இட்ட தானியம் எவர் வயலில் விளைந்ததென்று எவரும் கேட்பதில்லை. அது ஊர் முழுமைக்கும் உரியது. அக்கலசத்தின்மேல் பொழியும் புனித நீர் அனைவர் மேலும் ஒப்பத் தெளிவதாக! மழை பொய்யாது, கடல் வளம் குன்றாது, எல்லோரும் தத்தம் பங்கு பெற்று இன்புற்று வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!