ஐம்பது யானைகள் ஆடிய பாலே

சர்க்கஸைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்குப் பிடித்த கதை 1942இல் நியூயார்க்கில் நடந்தது.

ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸை அப்போது நடத்தியவர் ஜான் ரிங்லிங் நார்த். புலி வளையம் தாண்டுவதும் கோமாளி குட்டிக்கரணம் போடுவதும் அவருக்குப் போதவில்லை. பெரிய மேடைக் கலைஞர்களை அழைத்து வந்து புதுமையாகச் செய்ய ஆசைப்பட்டார். பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து நாலே மாதம், நாடே போரில் இருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் யானைகளை பாலே ஆட வைத்தார்.

நடனம் அமைக்க ஜார்ஜ் பாலன்ஷின் வந்தார். அவர் இசைக்காகத் தன் நண்பர் ஸ்ட்ராவின்ஸ்கிக்குத் தொலைபேசியில் பேசினார். யாருக்கு இசை என்று இவர் கேட்க, யானைகளுக்கு என்றாராம் அவர். எத்தனை வயது யானைகள் என்று அடுத்த கேள்வி! இளம் யானைகள் என்றால் சரி என்று ஒப்புக்கொண்டாராம். பிப்ரவரியிலேயே எழுதி முடித்து, 'ஓர் இளம் யானைக்காக' என்று குறிப்பும் போட்டார். சர்க்கஸ் பேண்டு வாசிக்கும்படி அதை மாற்றிக் கொடுத்தவர் டேவிட் ராக்சின்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. சர்க்கஸில் மிருகம் தாளத்துக்கு ஆடுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் பேண்டுதான் மிருகத்தைப் பின்தொடரும். பேண்டு மாஸ்டர் மெர்ல் எவன்ஸ் ஒரு கையில் கார்னெட் வாசித்து, மறு கையால் பேண்டை நடத்தியபடி, கண்ணை வளையத்தை விட்டு எடுக்கமாட்டார். குதிரை வேகம் மாற்றினால் பாட்டும் மாறும். ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையோ தடுக்கித் தடுக்கிப் போவது. எந்த இடத்தில் அடி விழும் என்று மனிதனுக்கே பிடிபடாது. யானைகள் மிரண்டு ஓடினால் கூடாரம் என்னாகும் என்று பயந்தவர்கள் உண்டு.

பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகளை ஆட வைத்த நமக்கு இது புரியும். ஒலிபெருக்கியில் என்ன பாடினாலும் குழந்தைகளின் கண் மேடை ஓரத்தில் கை காட்டும் டீச்சர் மீதுதானே! யானைகளுக்கு அப்படி நின்றவர் பயிற்சியாளர் வால்டர் மெக்ளெய்ன். விளம்பரத்தில் பெரிதாக வந்த பெயர்கள் வேறு. அந்த நாலு நிமிடமும் யாரை நம்பி நடந்தது என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன்.

ஏப்ரல் 9ஆம் தேதி, மாடிசன் ஸ்கொயர் கார்டன். ஐம்பது பெண்கள், ஐம்பது யானைகள். யானைகளுக்கும் இளஞ்சிவப்புப் பாவாடை. முதல் நாள் பாலன்ஷினின் மனைவி வேரா சொரினா, மோடாக் என்ற யானையோடு ஆடினார். பயந்தபடி விபரீதம் எதுவும் நடக்கவில்லை. கூட்டம் மகிழ்ந்தது. நான் படங்களைத்தான் பார்த்திருக்கிறேன். சிரிப்பு வந்தது; கொஞ்ச நேரத்தில் அந்தப் பாவாடை உறுத்தவும் செய்தது. காட்டில் கூட்டமாகத் திரிய வேண்டிய பிராணி அல்லவா?

ஆனால் அந்த ஆகஸ்டில் நடந்தது இன்னும் கொடுமை. கிளீவ்லாந்தில் சர்க்கஸின் மிருகக் கூடாரம் தீப்பிடித்து நாற்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. யானைகளும் அதில் உண்டு.

இசை மட்டும் பிழைத்துக்கொண்டது. 1972இல் ஜெரோம் ராபின்ஸ் அதே இசைக்கு நடனம் அமைத்தார். இந்த முறை ஆடியவர்கள் 48 சிறுமிகள். சாட்டையோடு நடுவில் நின்ற ரிங்மாஸ்டர் ராபின்ஸேதான். ரிங்லிங் சர்க்கஸ் தன் யானைகளுக்கு ஓய்வு கொடுத்தது 2016 மே மாதத்தில்.