வட்டவிதானை

அறுகங்குடா என்ற முழுத் தமிழ்ப் பெயர், பின்பாதியை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டு அறுகம்பே ஆகிச் சுற்றுலாக்காரர் நாவில் புழங்குகிறது. அதே கிழக்கிலங்கைக் கரையில் வடக்கே, கல்முனை, சம்மாந்துறை வயல்களில், அதைவிடச் சுவையான கலப்புச் சொல் ஒன்று இன்னும் வேலை பார்க்கிறது. வட்டவிதானை: ஒரு வயல்தொகுதிக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளர்.

முற்பாதியை வட்டம் என்று கொண்டால், மகரம் கெட்டுப் புணர்ந்தது எனலாம். ஆனால் இப்பக்கத்தில் வயல்வெளிக்கே வட்டை என்றுதான் பெயர். 'வட்டைக்குப் போறன்' என்பவர் வயலுக்குப் போகிறார். வட்டைவிதானை என்பதே ஐகாரம் குறுகி வட்டவிதானை ஆயிற்று என்பது என் துணிபு. சிங்களத்தில் இப்பதவி 'வெல் விதானே'. வெல் என்றாலும் வயல்தான்.

பிற்பாதி வடசொல். விதானம் என்று நம்மிடம் இரண்டு உண்டு: ஒன்று விரித்துக் கட்டும் மேற்கட்டி, மற்றது வகுத்தல், விதித்தல். வடமொழியில் வெவ்வேறு தகரங்களால் பிரிந்து நிற்கும் இவ்விரண்டையும் நம் எழுத்து ஒரே உருவில் அடக்கிவிட்டது. நம் விதானை இரண்டாவதன் வழியினர். சிங்கள விதானேயின் ஈற்று ஏகாரம் ஐகாரமாகத் தமிழாயிற்று.

பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு 1856ஆம் ஆண்டுச் சட்டம் வலுவூட்டியது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் விதானைப் பதவிக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பெயர் மட்டும் வட்டையை விட்டு நகரவில்லை.

போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், மாடுகளை அகற்றும் நாள் எல்லாம் குறிக்கப்படும். சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்து நீர் வாய்க்காலில் இறங்கியதும், வட்டவிதானையார் வரம்பில் நடந்து, வயலில் நிற்கும் நீரை வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, மிகுந்தால் அடைத்து, குறைந்தால் திறந்து, மறுபடி வந்து பார்க்கிறார். அந்த 'மறுபடி'யில்தான் சூட்சுமம். ஆலைகளில் உணரியும் கணினியும் வால்வும் கூடிச் செய்யும் செயன்முறைக் கட்டுப்பாடு இதுவேதான். 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் பொருத்திய வேகச் சீராக்கியான 'கவர்னர்', 1948இல் நோபர்ட் வீனர் பெயரிட்ட கட்டுப்பாட்டுத் துறையான 'சைபர்நெட்டிக்ஸ்' இரண்டின் பெயருமே சுக்கான்காரனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தவை. அவர்களுக்குக் கப்பல் கிடைத்தது, நமக்கு வயல்.

கடையில் சரக்கிருப்பைக் காக்கவும் வீட்டுச் செலவை அளவில் நிறுத்தவும் இதே முறை உதவும். கட்டுப்பாட்டுத் துறைக்குக் கலைச்சொல் ஆக்குவோரே, அகராதியைப் புரட்டுமுன் கல்முனை வட்டைப் பக்கம் ஒருமுறை வந்து போங்கள்.